இரண்டாம் மாடிக் குழாய்

மார்ச் நான்காம் தேதி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில், இரண்டாம் மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் மூன்றாவது முறையாக அடைத்துக்கொண்டது.

பிளம்பர் கம்பியை விட்டு இழுத்தார். முழ நீளத்துக்கு முடி வந்தது. அவருடைய மகளும் அந்த மாடியில்தான் தங்கி வேலை பார்த்தாள்.

"குழாய்மேல குத்தமில்ல மேடம். பிள்ளைங்க உடம்புல சத்தே இல்ல. என் பொண்ணு தலைய வாரினா கொத்துக் கொத்தா வருது. வைட்டமின் குறைச்சல்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. முட்டை, பால், ஏதாச்சும் போடச் சொல்லுங்க."

வார்டன் சிரித்தார். "நீங்க என்ன பிளம்பரா, டாக்டரா?"

"அப்பன், மேடம்."

வார்டனின் சிரிப்பு நின்றுபோனது. "சரிண்ணே. மேலிடத்துக்கு நானே எழுதுறேன்."

பத்தாம் நாள் போன் வந்தது. "ஒத்துக்கிட்டாங்கண்ணே. சாமானும் வந்து இறங்கிடுச்சு. வாங்க."

பிளம்பர் போட்டது போட்டபடி ஓடினார்.

விடுதி வாசலில், பழையதைவிட அகலமான நான்கு அங்குலக் குழாய்கள் அடுக்கியிருந்தன.

"இனிமே எவ்வளவு முடி கொட்டினாலும் அடைக்காதாம்" என்றார் வார்டன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மாலைக்குள் பிளம்பர் பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அதன்பின் இரண்டாம் மாடியில் தண்ணீர் தேங்கவில்லை.