நமுனுகுல மண்டை

“உயிரோடு ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் மண்டை மட்டும் போதும்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, டாக்டர் துப்பாக்கியைப் பாறைமேல் சாய்த்தார்.

செல்வநாயகம் அதைத் தமிழில் சொன்னான். அழகர் கங்காணி காறித் துப்பினார்.

“மூணு நாளா அட்டைக்கடியில சாவுறோம், இவருக்கு மண்டை வேணுமாமே. அவரு தோள்மேல ஒண்ணு இருக்குல்ல, அது பத்தலையான்னு கேட்டுச் சொல்லுங்க, தம்பி.”

செல்வநாயகம் அதை மொழிபெயர்க்கவில்லை.

நமுனுகுல மலையின் உச்சிக்காட்டில், பெரும் பாறை ஒன்றின் அடியில் அந்தப் பொந்து இருந்தது. வாசல் ஈரமண்ணில் குழந்தைக் காலளவுக்குக் காலடிகள். கல்லைக் கல்லால் கொத்திக் கூராக்கிய சில்லுகள் சுற்றிலும் கிடந்தன. அழிந்துபோனதாக உலகம் நினைக்கும் கற்கால மனிதன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்றார் டாக்டர். அவனைத் தேடித்தான் லண்டனிலிருந்து கப்பலேறி வந்திருந்தார்.

பொந்து ஒடுக்கம். டாக்டரின் தொப்பை நுழையாது.

“என்னையப் பாக்காதீங்க. நான் புள்ளகுட்டிக்காரன்” என்று கங்காணி பின்வாங்கினார்.

மிஞ்சியவன் செல்வநாயகம். பதுளையில் புடவைக் கடை வைத்திருந்தவரின் மகன், கண்டியில் காலேஜ் படித்தவன், டாக்டருக்கு மொழிபெயர்க்க வந்தவன். டாக்டர் அவன் கையில் மண்டை அளக்கும் இரும்பு இடுக்கியையும் ஒரு நோட்டையும் திணித்தார்.

“அரை மணி நேரம். அளவோடு வா. வெறுங்கையோடு வந்தால் கந்தகத்தைக் கொளுத்தி உள்ளே போடுவேன். மூச்சு முட்டி அதுகளே வெளியே வரும்.”

செல்வநாயகம் தவழ்ந்து போனான். வௌவால் எச்சமும் தேனும் கலந்த வாடை அடித்தது. பொந்து ஒரு குகையாக விரிந்தது. கூரைப் பிளவில் கொஞ்சம் வெளிச்சம்.

இருந்தார்கள். அவன் இடுப்பு உயரம்கூட இல்லை. நாலைந்து பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முன்னால் நின்ற பெண் ஒரு கையால் தன் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். மறு கையால் அவள் எறிந்த கல் அவன் காதை உரசிக்கொண்டு போனது.

அவன் நகரவில்லை. அவள் அடுத்த கல்லை எடுத்தாள். எறியவில்லை.

செல்வநாயகம் அங்கேயே உட்கார்ந்து இடுக்கியை விரித்தான். நெற்றிப்பொட்டில் பட்ட இரும்பு சில்லென்றிருந்தது. பொட்டுக்குப் பொட்டு, நெற்றியிலிருந்து பிடரி, கன்ன எலும்பு, தாடை. ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினான்.

வெளியே வந்ததும் டாக்டர் நோட்டைப் பிடுங்கினார்.

“எதை அளந்தாய்?”

“ஓர் ஆணை. வயது இருபத்தாறு.”

“கடிக்கவில்லையா?”

“இல்லை. பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.”

“மற்றவை?”

“எல்லாரும் அந்தப் பக்கப் பிளவு வழியாக ஓடிவிட்டார்கள். இனிக் கந்தகம் கொளுத்திப் பயனில்லை.”

டாக்டர் எண்களைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்ததால் மூவரும் மலையிறங்கினார்கள்.

வழியில் கங்காணி மெல்லக் கேட்டார். “உள்ள பச்சப்புள்ள இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப எதுக்குய்யா அளந்து குடுத்தீங்க? படிச்ச புத்தி இதுதானா?”

செல்வநாயகம் கல் உரசிய காதைத் தடவிக்கொண்டு இறங்கினான். அதன் பிறகு கங்காணி அவன் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இருபது ஆட்களைக் கொழுந்தெடுக்க அனுப்பாமல் தோட்டத்து பங்களாவின் முன்னால் நிறுத்தினார்கள். ஓடியவர்களைத் தேடிப் பிடிக்கக் கையில் கயிறும் சாக்கும். நாலு வேட்டைநாய்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றன.

தோட்டத்துத் துரைக்கு மட்டும் ஒரு தயக்கம். அந்த வட்டாரத்துக்கு அவர்தான் சமாதான நீதவான்.

“அவர்கள் மனிதர்கள் என்றால், சுடுவது கொலை. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்” என்றார் டாக்டரிடம்.

டாக்டர் சிரித்தார். நோட்டை விரித்து விரலால் தட்டினார்.

“இந்த நெற்றியைப் பாருங்கள். பத்து வரை எண்ண வராது. இந்தத் தாடையில் பேச்சு நிற்காது. நூறு வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் தன் பெயரை எழுதாது. உடம்புக்குத் தலை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். குரங்குக் குட்டிக்கும் அப்படித்தான். இது மனித மண்டை இல்லை. சத்தியம் செய்கிறேன்.”

சொன்னதைத் தாளில் எழுதி, அளவுகளையும் சேர்த்து, கையெழுத்திட்டார். துரை இரண்டு முறை படித்தார். அவர் தயக்கம் தீர்ந்தது.

“அப்படியானால் எத்தனை வேண்டுமானாலும் சுடுங்கள்.”

பிறகு செல்வநாயகத்தைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

“ஏய், இங்க வா. அளந்தது நீதானே? அளவு சரின்னு சாட்சி போடு. நாய அவுக்கணும்.”

படிக்கட்டில் நின்ற கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்வநாயகம் பேனாவை வாங்கினான். டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே தன் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் நிதானமாக எழுதினான். மை உலரும்வரை ஊதிவிட்டு, தாளைத் துரையிடம் நீட்டினான்.

“அளவெல்லாம் சரிதாங்க, தொரை. அது என் தலை.”