மீசைக்கும் விரதம்

அவன் இடுக்கியை அசைக்காமல் பிடித்திருந்தான்.

இடுக்கி நுனியில் ஒரு துண்டு இறால். தோல் உரித்து, நகம் அளவுக்கு நறுக்கி, பசியைத் தூண்டப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தது. தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் துணி. மணி ஐந்தேமுக்கால்தான். ஆனாலும் இருட்டிவிட்டது என்று மீனை நம்பவைக்க வேண்டும். வெளிச்சத்தில் கெளுத்தி வெளியே வராது.

கை வலித்தது. மீன் வரவில்லை.

குழாய்த் துண்டுக்குள் கிடந்தது. தலை மட்டும் பெரிசு. உடம்பு பெல்ட் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. போன மாதம் வரை கொழுகொழுவென்று முழங்கை நீளத்துக்குத் தொட்டியை அளந்துகொண்டிருந்த மீன்.

எல்லாம் அவன் செய்த வேலை.

வரதன் வருஷா வருஷம் புரட்டாசி விரதம் இருப்பவன். மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கூடாது. முதல் தேதியே வீட்டைக் கழுவிவிட்டான். ஃப்ரிட்ஜில் மீனுக்காக இருந்த இறாலைத் தூக்கித் தெருநாய்க்குப் போட்டான்.

வீட்டில் கூடாது என்றால் வீட்டில் யாருக்கும் கூடாது. மீனுக்கு மட்டும் தனிச் சட்டமா?

மற்ற வருஷங்களில் அவன் ஆபீஸ் போனதும் மனைவி எழிலரசி சத்தமில்லாமல் மீனைக் கவனித்துக்கொண்டாள். இந்த வருஷம் அவள் தங்கையின் பிரசவத்துக்கு ஆரணி போயிருந்தாள்.

அவன் பட்டாணி வேகவைத்துப் போட்டான். பூசணிக்காய் போட்டான். கெளுத்தி பூசணிக்காயை முகர்ந்து பார்த்தது. அவனையும் ஒரு பார்வை பார்த்தது. குழாய்க்குள் போய்விட்டது.

மீனும் விரதம் இருக்கிறது என்று ஆபீஸில் பெருமையாகச் சொன்னான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

இருபது நாள் கழித்து எழிலரசி வந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே தொட்டிக்குத்தான் போனாள். "மீசை" என்று கூப்பிட்டாள். அது அவள் வைத்த பெயர். மீன் அசையவில்லை.

"விரதம் எடுத்தது நீங்க. அதைக் கேட்டீங்களா? என்னைத்தான் எதுக்காவது கேட்டிருக்கீங்களா?"

மீனில் தொடங்கிய பேச்சு ஏழு வருஷத்தையும் சுற்றி வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். "ஒரு மீனுக்காகவா இவ்வளவு?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"மீசையை இப்ப எடுத்துட்டுப் போனா பஸ்லயே செத்துடும். சாப்பிட ஆரம்பிச்சதும் சொல்லுங்க. வந்து எடுத்துக்கறேன். இந்த வீட்டுல எனக்குன்னு வேற ஒண்ணுமில்ல."

தினமும் ஆறு மணிக்குப் போன் வரும். ஒரே கேள்விதான். சாப்பிட்டுச்சா? இல்ல. உடனே வைத்துவிடுவாள்.

எட்டு நாள் இப்படியே போயிற்று. எட்டு நாளும் அவன் சொன்னது உண்மை.

அந்த எட்டில் முதல் நாள், மார்க்கெட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மீன்காரம்மா அவன் நெற்றியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இன்னா சாமி, புரட்டாசியில எறா கேக்குற? அதுவும் நாமத்தோட!"

"எனக்கில்லம்மா. மீனுக்கு."

"மீனுக்கா! நல்லாக்கீது போ!"

பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். அவனுக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் நாறியது. மறுநாளும் போனான். பெருமாளிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

தின்னாத துண்டை அரை மணியில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். எடுத்தான். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றினான்.

சாப்பிட்டால் மீன் பிழைக்கும். சாப்பிட்டால் அவள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதோடு சரி. இது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பூண்டு நசுக்கினான்.

இன்று ஒன்பதாம் நாள்.

ஒரு மீசை அசைந்தது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

குழாயிலிருந்து தலை வந்தது. பிறகு அந்தப் பாவப்பட்ட உடம்பு. இறாலுக்குக் கீழே வந்து நின்றது. மீசையால் தடவிப் பார்த்தது. போய்விடும் என்று நினைத்தான்.

லபக்.

இடுக்கி காலியாக இருந்தது.

"அட சனியனே!" என்றான். கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாவது துண்டும் போயிற்று. முதல் நாள் இரண்டுக்கு மேல் கூடாது என்று வண்ணமீன் கடைக்காரர் சொல்லியிருந்தார். கிண்ணத்தை மூடி வைத்தான்.

போன் அடித்தது.

"சாப்பிட்டுச்சா?"

அவன் தொட்டியைப் பார்த்தான்.

"இல்ல."

அந்த நேரம் பார்த்து மீன் மேலே வந்தது. இன்னும் கொடு என்று வாலால் ஓர் அடி அடித்தது. தண்ணீர் எகிறிச் சட்டை நனைந்தது. திரும்பக் கண்ணாடியில் ஒரு மோது மோதியது. தெருவுக்கே கேட்டிருக்கும். போனைப் பொத்த அவனுக்குத் தோன்றவில்லை.

ஆறு வருஷம் கையால் ஊட்டி வளர்த்தவள். அது எந்தச் சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் போனை வைக்கவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். "அவசரமில்ல. மெதுவா சாப்பிடட்டும்."