இலை மெல்லாத காலை

பாகற்காய்ச் சாறு இனித்தது.

பேக்கரி மாஸ்டர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். தெருக்கோடிக் காக்காய்கூடக் காறித் துப்பும் வாடைதான். வாயில் வைத்தால் தேன்.

தினமும் எழுந்ததும் முதல் வேலையாகச் சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிடுவார். அதை மென்ற நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்பே உறைக்காது. மூட்டைச் சர்க்கரையைக் கொட்டினாலும் வெறும் மணல். அப்புறம்தான் சாறு.

இன்று கொடியைப் புழு மொட்டையடித்திருந்தது. மெல்ல இலையில்லை.

வெந்தயம், வேப்பங்கொழுந்து, நாவல்கொட்டைப் பொடி என்று உலகத்துக் கசப்பையெல்லாம் உள்ளே தள்ளியாயிற்று. அவரைக் கடித்த கொசுக்கள் குமட்டிக்கொண்டு பறந்தன. சுகர் மட்டும் ராக்கெட்டாக ஏறியது. வலது காலில் ஆறாத புண். இந்த மாதமும் இறங்காவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்கேப்பா ஒளிச்சு வெச்சுத் தின்றீங்க? அலமாரியிலயா, தலகாணிக்குள்ளயா?" என்று மகள் வீட்டையே சல்லடை போட்டுச் சலித்துவிட்டாள்.

"நான் எதையும் தொடலைம்மா. உங்கம்மா வந்து எதையோ கலக்கிட்டுப் போறா" என்று அவர் சிரித்து மழுப்புவார்.

இன்று சிரிப்பு வரவில்லை. மகள் இன்னும் எழவில்லை. காயை அரைத்தது அவர். வடிகட்டியதும் அவர்தான். சமையலறையில் வேறு ஒரு ஈ, எறும்புகூட இல்லை.

மீதிச் சாற்றை இன்னொரு டம்ளரில் ஊற்றினார். திருடனைப் பிடிக்கக் காத்திருப்பவர் போல இமை கொட்டாமல் நின்றார்.

அவருடைய வலது கை தானாக எழுந்தது.

பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால் துழாவி, ஒரு சின்ன டப்பாவை இழுத்தது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பிறகு, ஸ்பூன் டம்ளரில் இடிக்காமல், துளிச் சத்தமில்லாமல் கலக்கியது.

உள்ளறையில் படுத்திருந்த மனைவிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பழகிய கை.

கசப்பில் அவள் முகம் கோணுவதைக் காணச் சகிக்காமல், வருஷக்கணக்கில் அவளுக்குத் தெரியாமல் இப்படித்தான் கலந்து கொடுத்தார். முதலில் அவள் கால்விரல் போயிற்று. அப்புறம் பாதம். அப்புறம் அவளே.

"உங்க கை பட்டா பாகற்காகூடக் கசக்க மாட்டேங்குதுங்க" என்று கடைசிக் காலைவரை மெச்சிக்கொண்டே குடித்தாள்.