ஜன்னலோர ஸ்டூல்

“நாலு மணிக்குத்தான் கல்லூரியிலேர்ந்து மின்னஞ்சல் வந்துச்சு. அதுக்குள்ள பாதி வகுப்பைக் காணோம் பாருங்க,” என்றாள் கெல்சி.

மட்பாண்டக் கூடத்தில் பல சக்கரங்கள் ஆளில்லாமல் நின்றன. ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஜன்னல் கண்ணாடியை ஈரமாக்கியிருந்தது. வெளியே, கல்லூரியின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகள் ஊஞ்சலாடினார்கள். பனியில் சங்கிலிகள் தெரியவில்லை. சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னக் கோட்டுகள் மட்டும் தாமாக மேலே போய், தாமாகக் கீழே வந்தன. சிவப்புக் கோட்டு கெல்சியின் மகள் ஜூனி.

ரோண்டா களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஊருக்குப் புதிது. இந்தப் பருவம்தான் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

“என்ன எழுதியிருந்தாங்க? நான் இன்னும் பார்க்கலை.”

“பாலியல் குற்றவாளிப் பதிவேட்டுல பேர் இருக்கிற ஒருத்தர் இங்க படிக்கிறார், விவரம் வேணும்னா வளாகக் காவல் அலுவலகத்துல கேளுங்கன்னு ரெண்டு வரி. யாருன்னு போடலை. நான் நேரா போய்க் கேட்டுட்டேன்.”

“யாராம்?”

“நம்ம வெண்டல்!”

ரோண்டாவின் கைகள் பிசைவதை நிறுத்தவில்லை.

“ரொம்ப வருஷம் முன்னாடியாம். ஏதோ ஏரிக்கரையில கோடை முகாம். இந்த ஆள் அங்க நீச்சல் வாத்தியார். ஒன்பது வயசுப் பொண்ணு, ரோண்டா! ஜெயிலுக்குப் போயிட்டு வந்து, இப்ப நம்மகூட உட்கார்ந்து பூச்சாடி செய்யறான்.”

“கல்லூரி என்ன சொல்லுது?”

“சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டோம், படிக்க அவருக்கு உரிமை இருக்குங்கறாங்க. நல்ல பதில்! ஆனா நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அவனே போயிடுவான். போன ஊர்லயும் அப்படித்தான் கிளம்பினானாம்.” கெல்சி ஒரு தாளை நீட்டினாள். “இந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

“கை பூரா மண்ணு.”

“கழுவிட்டுப் போடுங்க. தாள் ஓடிடாது.”

“வேண்டாம் கெல்சி.”

கெல்சி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. வெண்டல் வந்தார். வெள்ளைத் தலை, வளைந்த முதுகு. யாரையும் பார்க்காமல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கடைசிச் சக்கரத்துக்குப் போனார். மிச்சமிருந்தவர்கள் தங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டார்கள்.

ரோண்டா தன் களிமண்ணை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழக்கம்போல அவருக்குப் பக்கத்தில், ஜன்னலோர ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். தனியாக இருக்கும் கிழவருக்குத் துணை, நல்ல மனசு என்றுதான் நேற்றுவரை கெல்சி நினைத்திருந்தாள்.

“இன்னைக்குப் பனி ஜாஸ்தி,” என்றார் வெண்டல், ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து.

ரோண்டா ஸ்டூலைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டாள். “ஆமா. ஒண்ணும் தெரியாது. சக்கரத்தைப் பாருங்க.”

சக்கரங்கள் சுழன்றன. மண் உயர்ந்தது, வாய் விரிந்தது, தாழ்ந்தது. வெளியே பனி நகர்வதும் உள்ளே சக்கரம் சுற்றுவதும் ஒரே வேகம் போலிருந்தது. எங்கிருந்தோ ஒரு குழந்தை சிரித்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது அந்தச் சிரிப்பு.

வெண்டலின் சாடி சரிந்து விழுந்தது. அவர் அதை மறுபடி தூக்கி நிறுத்தவில்லை.

“எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு போல. நாளையிலேர்ந்து வர மாட்டேன்னு நினைக்கிறேன்,” என்றார் ரோண்டாவிடம். “எந்த ஊர் போனாலும் உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல உட்கார மாட்டாங்க. நன்றி.”

“எந்த ஊர்?” என்று கேட்டாள் ரோண்டா.

“ஆத்தோரமாவே, தெற்கே எங்கயாவது.”

அவர் போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். கெல்சி மட்டும் நின்றாள்.

“ஆத்துக்குப் பயந்துக்கிட்டு, படகுல ஏறாம தினமும் பாலத்தைச் சுத்திட்டு வர்றவங்க நீங்க. இந்த ஆள்கிட்ட மட்டும் பயமே இல்லையா? உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா இப்படிப் பரிதாபப்படுவீங்களா?”

ரோண்டா எழுந்து ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள்.

“கெல்சி, அவர் ஸ்டூல்ல கொஞ்சம் உட்காரு.”

“நான் எதுக்கு?”

“உட்காரேன்.”

கெல்சி வெறுப்போடு உட்கார்ந்தாள். நேர் எதிரே ஊஞ்சல்கள். சிவப்புக் கோட்டு பனியிலிருந்து வெளிப்பட்டு, கையை நீட்டினால் தொடலாம் போல அருகில் வந்து, திரும்பப் போனது.

ரோண்டா வந்து ஜன்னலோர ஸ்டூலில் அமர்ந்தாள். ஊஞ்சல்கள் மறைந்தன. கெல்சிக்கு முன்னால் இப்போது ரோண்டாவின் தோள் மட்டும்தான் இருந்தது.

“போன ஊர்ல தச்சு வகுப்பு. அதுக்கு முன்னாடி கிடார். ரெண்டு ஊர்லயும் ஒரு ஜன்னல் இருந்துச்சு.”

“அவன் எங்க படிச்சான்னு உங்களுக்கு எப்படி…”

கெல்சி ரோண்டாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒரு கோடை முழுக்க அவன்கிட்டதான் கத்துக்கிட்டேன். எனக்கு இன்னும் நீச்சல் வராது.” ரோண்டா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தாளைத் தன் பக்கம் இழுத்தாள். “ஊர் ஊரா மாறி மாறி எனக்கும் அலுத்துப்போச்சு. போட்டுடறேன். ஆனா அடுத்த ஊர்ல, இந்த ஸ்டூல்ல யார் உட்காருவா கெல்சி?”