மூணாவது ஸ்டேஜ்

“மூணாவது ஸ்டேஜ்” என்றார் டாக்டர் சண்முகசுந்தரி. அறுபதுகளின் தொடக்கம் அது.

சேனாதிபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி பாப்பம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அழவில்லை. அழுதழுது அலுத்துப்போயிருக்கும்.

“ஏந்தாயி, மாசியில வந்தப்ப பெரிய டாக்டரு ஒண்ணாவது ஸ்டேஜுன்னுதானங்க சொன்னாரு?”

“சொன்னார். கூடவே இன்னொண்ணும் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

சேனாதிபதி தலையைச் சொறிந்தார்.

“மார்புல இருக்கிறது புத்துக்கட்டி, உடனே ஆபரேஷன் பண்ணணும், வீட்டுக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்னு சொன்னார். இப்ப வைகாசி. இத்தனை நாள் எங்கய்யா போயிருந்தீங்க?”

எங்கே போவார்? சொந்த ஊர் கவுஞ்சியில்தான் இருந்தார். உருளைக்கிழங்கு தோண்டினார். அது முடிந்ததும் பூண்டு பிடுங்கினார். நடுவில் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி வேறு எடுத்துவிட்டு வந்தார். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் மனுஷனுக்கு நேரமில்லை.

பாப்பம்மாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “ஒண்ணுதான புள்ள? இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு. கையில சோலி கெடக்கு, முடியட்டும்.”

அவருடைய அக்கா வள்ளி அதற்கும் ஒருபடி மேலே போனாள். “ஒண்ணாவது ஸ்டேஜுக்குப் போயி மாரை அறுப்பாகளா? களையெடுக்க வணங்காதவளுக்கு நல்ல சாக்கு!” என்றாள்.

இப்போது ஒன்று மூன்றாகிவிட்டது.

“இப்படியும் ஒரு புருஷன்! வீட்டுல மாட்டுக்குச் சீக்குன்னா ராத்திரியோட ராத்திரியா ஓடியிருப்பான்” என்று நர்ஸ் அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள்.

சேனாதிபதி டாக்டர் பக்கம் திரும்பினார். “எங்கங்க போடணும் கையெழுத்து? வெரசாக் குடுங்க தாயி” என்றார். எழுத்துக் கூட்டிப் போட்டு முடித்தார்.

கிழங்கு மூட்டை இறக்க வந்த ஊர்க்காரர் மூலமாகச் சேதி கவுஞ்சிக்குப் போனது. மறுநாளே வள்ளி கோழிச் சாறும் கம்பளியுமாக வந்து இறங்கினாள். வார்டு வாசலிலேயே தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே பாவி! ஒண்ணுல இருக்கறப்பவே கூட்டியாந்திருக்கக் கூடாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாலே?”

கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதை அந்த நேரத்தில் யார் ஞாபகப்படுத்துவது? சேனாதிபதி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து வந்த சொந்தக்காரர்களும் ஆளுக்கு ஒரு வாய் அவரைத் திட்டிவிட்டுத்தான் பாப்பம்மாளின் கட்டில் பக்கம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வெந்நீர் கொண்டுவந்தார். அவள் காலுக்குக் கம்பளியை இழுத்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அவள் தண்ணீர் கேட்டு அவர் எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தது அப்போதுதான்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். சேனாதிபதி கூடவே நடந்தார். கதவு வரைக்கும் வந்ததும் உடைந்துபோனார்.

“நாந்தான் உன்னைக் கொன்னுட்டேன் புள்ள. ஒண்ணா இருந்ததை மூணாக்கிட்டேன். சாமி என்னைய மன்னிக்குமா?”

பாப்பம்மாள் அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தேறுதல் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“சரி, விடுங்க. வெள்ளனே இருந்து வெறும் வயித்தோட நிக்கிறீங்க. போயிக் காப்பித்தண்ணி குடிங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே டாக்டர் சண்முகசுந்தரி கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பாப்பம்மாளைக் கண்டதும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“பாப்பம்மா, எனக்கு மனசு கேக்கலம்மா. அந்த மனுஷன் வெளிய தேம்பித் தேம்பி அழறார். அன்னிக்கு உன்னைச் சோதிச்சப்ப உங்கிட்டச் சொன்னதை அவர்கிட்டயும் சொல்லிடட்டுமா?”

பாப்பம்மாள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

“உன் கட்டி மாசியில இருந்த அளவுலயேதான் இருக்கு. உன் நல்ல காலம், நோய் கூடல. முன்னெல்லாம் எங்கெங்க பரவியிருக்குன்னு பாத்துத்தான் ஸ்டேஜ் போட்டோம். வெளிநாட்டு டாக்டருங்க கூடி வகுத்த புது முறை சித்திரையிலதான் இங்க வந்துச்சு, அதுல கட்டியோட அளவையும் சேத்துப் பாக்கணும். உன்னுது பெரிய கட்டிங்கிறதால ஒண்ணு மூணாயிடுச்சு, அவ்வளவுதான். பண்ணப்போற ஆபரேஷன் அதேதான். நீ கேட்டுக்கிட்டியேன்னுதான் நானும் மூணுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன். இப்பத்தான் கையெழுத்தும் ஆயிடுச்சே. சொன்னா அந்த மனுஷனுக்கு உசுரு வரும்.”

பாப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேணாந்தாயி. ஒண்ணுன்னப்ப வீட்டுல ஒருத்தரும் என்னையத் திரும்பிப் பாக்கல. மூணுன்ன பெறகுதான் நானும் ஒரு மனுசின்னு தெரிஞ்சிருக்கு. தையல் பிரிச்சு, வீடு போய்ச் சேந்து, நான் எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் அது மூணாவே கெடக்கட்டும்.”