தள்ள நாலு பேர்

முத்தையாபுரத்தில் ஆக்னஸ் வீட்டு வாசலில் விலைக்கு நின்ற பழைய சீமை லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார் உப்பு வியாபாரி பொன்னுதுரை.

“வெள்ளைக்காரன் காலத்து டீசல் இன்ஜின். தினமும் ஹார்பருக்கு உப்பு ஏத்திட்டுப் போகத் தாங்குமாம்மா?”

“தாங்கும் அண்ணாச்சி. ஸ்டார்ட் ஆகத்தான் மக்கர் பண்ணும், நாலு பேரு தள்ளணும். ஒருக்கா ஸ்டார்ட் ஆயிட்டா, நாமளா அமத்துத வரைக்கும் நிக்காது.”

“மத்தியானம் ஹார்பர் கேட்டைச் சாத்திட்டா லாரியெல்லாம் வரிசையில கெடக்கணுமே, அப்போ?”

“அப்பவும் எங்க வீட்டுக்காரவுக அமத்த மாட்டாக. தள்ளுங்கன்னு மத்த டிரைவருமாரத் தொந்தரவு பண்ணக் கூடாதும்பாக. இன்ஜின ஓடவிட்டுட்டு, ஸ்டியரிங்ல தலைய வச்சுத் தூங்கிருவாக.”

பொன்னுதுரைக்குச் சந்தேகம் தீரவில்லை. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு நல்ல இன்ஜின ஏம்மா விக்குத? ஏதோ கோளாறு இருக்கு. உன் வீட்டுக்காரரக் கூப்பிடு, அவர்ட்ட பேசிக்கிடுதேன்.”

ஆக்னஸ் டிரைவர் சீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

“போன மாசம் அந்த வரிசையில வச்சுதான் அவுகளுக்கு நெஞ்சு வலி வந்திருக்கு. ஸ்டியரிங்ல சாஞ்சிட்டாக. இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்ததால, வழக்கம்போல தூங்குதாகன்னு ஒருத்தரும் கிட்ட போகல. கேட்டைத் திறந்தும் வண்டி நகரலைன்னுதான் போய்ப் பாத்திருக்காக. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

பொன்னுதுரை பானெட்டை மெதுவாக மூடினார்.

“இந்த இன்ஜின் அன்னைக்கு ஒரு தடவ நின்னிருந்தா, தள்ளுததுக்காவது நாலு பேரு வந்திருப்பாக அண்ணாச்சி.”