ரப்பர் செருப்புத் தளபதி

ஸ்பானியத் தளபதி கோட்டை வாசலில் நீல நிற ரப்பர் செருப்போடு நின்றார்.

தலையில் இறகு வைத்த தொப்பி, இடுப்பில் தகரக் கத்தி, மூக்குக்குக் கீழே நான் பசை தடவி ஒட்டிய மீசை. எல்லாம் கச்சிதம். கணுக்காலுக்குக் கீழேதான் மானம் போய்க்கொண்டிருந்தது.

“பூட்ஸோட அடி விட்டுப்போச்சாம். தைக்கக் குடுத்துட்டேன்னு லூமிங் சாவகாசமா சொல்றா. நேத்துகூட நல்லாத்தாண்டா இருந்துச்சு!” என்று கில்டோ பல்லைக் கடித்தார். லூமிங் அவர் மனைவி.

வருடம் முழுக்க அவர் கரும்புத் தோட்டத்து மேஸ்திரி. நவம்பர் ஐந்தாம் தேதி மட்டும் தளபதி. நான் ஊருக்கு முடி வெட்டுகிறவன். அன்று மட்டும் அவருடைய சிப்பாய். வெள்ளைக் கொடி என் பொறுப்பு.

மணிலாவில் அன்று எல்லோரும் வேலைக்குப் போவார்கள். விடுமுறை எங்கள் தீவுக்கு மட்டும்தான். அந்தத் தேதியில்தான் எங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் ஸ்பெயின்காரர்களை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களிடம் துப்பாக்கி என்று இருந்தது பேருக்குக் கொஞ்சம். மற்றவர்கள் மட்டையைத் துப்பாக்கி போலச் செதுக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். மூங்கில் பாயைச் சுருட்டி, கறுப்பு பூசி, பீரங்கி என்று நிறுத்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்த ஸ்பெயின்காரர்கள் அரண்டுபோய்ச் சரணடைந்தார்கள்.

எங்கள் ஊர் நாடகத்தில் கூடுதலாக ஒரு காட்சி உண்டு. சரணடைந்த தளபதி இறங்கி வந்து பீரங்கியைத் தட்டிப் பார்ப்பார். வெறும் பாய் என்று தெரிந்ததும் ஓங்கி ஓர் உதை விடுவார். பாய் உருண்டோடும். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கில்டோவின் உதையைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள்.

ஆனால் அவருக்கு வலது கால் கட்டைவிரலில் வாதம். விரல் தக்காளி போல வீங்கியிருந்தது. பூட்ஸ் இருந்தால் சமாளித்துவிடுவார்.

முரசு கேட்டது. புரட்சிக்காரர்கள் கரும்புக் காட்டுக்குள்ளிருந்து வந்தார்கள். தோளில் மட்டைத் துப்பாக்கி, நடுவில் பத்துப் பீரங்கி. முதலில் வந்தது பீப்பாய் பருமன் இருந்தது. அதை ஒரு பெண் ஒருத்தியாகவே, கண்ணாடிச் சாமானைக் கொண்டுவருவது போலத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். வாசலுக்கு எதிரே கரும்புத் தோகை மேல் இறக்கி வைத்தாள்.

மெர்லின். கில்டோவின் ஒரே மகள்.

பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. அடுத்த தீவிலிருந்து கரும்பு வெட்ட வந்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். “மேஸ்திரி பொண்ணுக்குக் கூலிக்காரன் கேக்குதா? இனிமே அவ என் கண்ணுல படக்கூடாது” என்று கில்டோ சபதம் போட்டது என் கடை நாற்காலியில்தான். மார்ச்சில் அவளுக்குக் குழந்தை பிறந்த சேதியையும் அதே நாற்காலியில்தான் சொன்னேன். “கிருதாவைச் சமமா வெட்டு” என்றார். வெட்டி முடித்த பிறகும் வெகு நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

நான் வெள்ளைக் கொடியைத் தூக்கினேன். கில்டோ படியிறங்கினார்.

நேரே அந்தப் பெரிய பீரங்கியிடம் போனார். அவர் முகத்தில் இருந்தது நடிப்பில்லை. ஊர் முன்னால் அவளை விரட்டிவிடுவாரோ என்று பயந்தேன். விரட்டினால் அவள் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள். கில்டோவும் போய்க் கூப்பிடுகிற ரகம் இல்லை.

மெர்லின் நகரவில்லை. இரண்டு கையாலும் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒதைங்க தளபதி! ஒதைங்க!” என்று கூட்டம் கத்தியது.

கில்டோ வலது காலைத் தூக்கினார். ரப்பர் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். காலை இறக்கினார்.

சரி, கையாலேயே புரட்டித் தள்ளலாம் என்று குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

இடுப்பு பிடித்துக்கொண்டதோ என்று நான் கொடியோடு ஓடினேன். பீரங்கியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே மெத்தென்று துணி விரித்திருந்தது. எட்டு மாதக் குழந்தை ஒன்று, கன்னமெல்லாம் கரியோடு, கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு தளபதியை முறைத்துப் பார்த்தது. பிறகு கையை நீட்டி அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. என் பசை தோற்றது. மீசை அதன் கையோடு போய்விட்டது.

எந்த உதைக்கும் கூட்டம் அப்படிச் சிரித்ததில்லை.

கில்டோ தொப்பியைக் கழற்றினார்.

“பையனா, பொண்ணா?” என்று மெர்லினிடம் கேட்டார்.

“பொண்ணுப்பா.”

அவர் இரண்டு கைகளையும் பீரங்கிக்குள் விட்டுக் குழந்தையை வெளியே எடுத்தார். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். தளபதிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் மேலெல்லாம் கரி ஆனது.

“என்னடா வேடிக்கை பார்க்கிறே? கொடியை இன்னொரு தடவை தூக்கு” என்றார் என்னிடம்.

தூக்கினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறைக்க வேண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எதிரே மர நிழலில் லூமிங் நின்றிருந்தாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இன்னொரு கையில் சந்தைக் கூடை. அதற்குள்ளிருந்து, நன்றாகப் பாலிஷ் போட்ட ஒரு ஜோடி பூட்ஸ் எட்டிப் பார்த்தது.